தோல்வி காணாத காமா பயில்வான்



கடை என்று ஒன்று இருந்தால் அங்கே பேச்சுக்குப் பஞ்சம் இராது. அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் சற்றுக் குறையும் நேரத்தில், ஜாலான் புசார் பக்கத்தில் இருக்கும் அடியேனுடைய கடைக்கு நாலைந்து வாலிபர்கள் வருவது வழக்கம். ஆளுக்கு ஒரு பானம் வாங்கிக்கொண்டு கல்லாவுக்கு எதிரே நின்று குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். யார் பெயரில் ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் முஹம்மது அலியிடம்தான் வந்து நிற்கும். 1975ஆம் ஆண்டில் அவர் கோலாலம்பூர் மெர்டேக்கா மைதானத்தில் ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதி வென்றதை, நேரில் கண்டவர்களைப் போலச் சொல்வார்கள். அப்போது அவர்கள் பிறந்தே இருக்கவில்லை! நம் சிங்கப்பூரின் சையது அப்துல் காதர் அவர்கள் 1972ஆம் ஆண்டு மூனிச் ஒலிம்பிக்குக்குச் சென்றதையும், 1974ஆம் ஆண்டு கிறைஸ்ட்சர்ச் நகரில் வெண்கலப் பதக்கம் பெற்றதையும் பெருமையோடு சொல்வார்கள்.

சில வாரங்களுக்கு முன் இப்படிப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, அரிசி வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். பிறகு அந்தத் தம்பிமாரைப் பார்த்து, காமா பயில்வான் என்று ஒருவர் இருந்தாரே, அவரைத் தெரியுமா என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அரிசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தில் இருந்த வருத்தம் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவேதான் இந்த வரலாற்றை எழுதத் துணிந்தேன். மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் படித்த அளவே எனக்குப் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளவும்.

காமா குத்துச்சண்டைக்காரர் அல்லர், மல்யுத்த வீரர். ஆனால் அந்நாளில் நம் மக்கள் இரண்டையும் ஒரே ஆசையோடுதான் பார்த்தார்கள். 1923ஆம் ஆண்டில் கிச்சனர் சாலை அருகே திறக்கப்பட்ட நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டையும் நடந்தது, குஸ்தியும் நடந்தது. இன்று சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கும் இடம்தான் அது. கிங்காங்கும் தாராசிங்கும் சிங்கப்பூரில் மோதிய காலத்தில், என் பாட்டனார் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்து வருவாராம். திரும்பி வந்து, இவர்கள் எல்லாம் நல்ல பயில்வான்கள்தான், ஆனால் காமாவின் கால் தூசிக்கு ஆகமாட்டார்கள் என்று சொல்வாராம். காமாவை அவர் கண்ணால் கண்டதே இல்லை! காணாத ஒருவரைக் கடல் கடந்து இவ்வளவு நேசிக்கக் காரணம் என்ன? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இளமைப் பருவம்

காமாவின் இயற்பெயர் குலாம் முஹம்மது. 1878ஆம் ஆண்டில் பிறந்தவர் என்று சொல்லப்படுகிறது. பஞ்சாபின் அமிர்தசரஸ் வட்டாரத்தில் வந்து குடியேறிய காஷ்மீரிக் குடும்பம் அவருடையது. குஸ்தியே அக்குடும்பத்தின் குலத்தொழில். தகப்பனார் அஜீஸ் பக்ஷ் பெயர் பெற்ற பயில்வான். ஆனால் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அதன்பின் தாயைப் பெற்ற பாட்டனார் வளர்த்தார். அவரும் மறைந்தபின் மாமன் ஈதா பயில்வான் பொறுப்பேற்றார். தகப்பனார் எட்டாத உயரத்துக்கு இந்தப் பிள்ளையைக் கொண்டு போவேன் என்று மாமன் உறுதி செய்துகொண்டார். தம்பி இமாம் பக்ஷும் அதே கோதாவில் வளர்ந்தார். தகப்பன் இல்லாத இரு பிள்ளைகளை மாமன் ஆளாக்கிய கதை இது. நம் குடும்பங்களிலும் மாமன் கடையில் நின்று தொழில் கற்று முன்னுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்!

1888ஆம் ஆண்டில் ஜோத்பூர் மகாராஜா பெரியதொரு போட்டி நடத்தினார். யார் அதிகமாகப் பஸ்கி எடுக்கிறார்கள் என்பதே போட்டி. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் 400க்கு மேற்பட்ட பயில்வான்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பத்து வயதுச் சிறுவனான காமாவும் நின்றான். நேரம் ஆக ஆக ஒவ்வொருவராகக் களைத்து விலகினார்கள். கடைசியில் மிஞ்சிய 15 பேரில் இந்தச் சிறுவனும் ஒருவன்! மகாராஜா ஆச்சரியப்பட்டு, வயதைக் கருதி அவனையே முதல்வனாக அறிவித்தார். அதன் பின்னர் ததியா சமஸ்தானத்து மகாராஜா அவனைத் தம் ஆதரவில் வைத்துப் பயிற்சி அளித்தார்.

கோதா என்பது சும்மா மண்தரை அல்ல. அந்த மண்ணைச் சலித்து, எண்ணெய், மஞ்சள், மோர் முதலியவற்றைக் கலந்து, நாள்தோறும் மண்வெட்டியால் கொத்திப் பதப்படுத்துவார்கள். அதைக் கொத்துவதே பெரிய தேகப்பயிற்சி. விடிவதற்கு முன் எழுந்து தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. பிறகு நாற்பது பேரோடு மாறி மாறிக் குஸ்தி. பால், நெய், பாதாம்பருப்பு, இறைச்சிச் சாறு ஆகியவை உணவு. காமா நாளொன்றுக்கு 5000 பஸ்கியும் 3000 தண்டாலும் எடுத்தார் என்று சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் ஐம்பது வயதிலும் அவர் கோதாவில் இறங்கினார் என்பதை எண்ணும்போது, சோம்பலுக்கு அவர் ஒரு நாளும் இடம் கொடுத்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

ஏழடி உயரத்துக்கு எதிரே

அக்காலத்தில் இந்தியாவின் பெரிய பயில்வான் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஊர் குஜ்ரன்வாலா. உயரம் ஏறக்குறைய ஏழடி என்பார்கள். காமாவோ ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் இல்லை. 1895ஆம் ஆண்டு வாக்கில், பதினேழு வயதுக் காமா இவரை எதிர்த்து இறங்கினார். பையன் சில நிமிஷங்கள்கூடத் தாங்கமாட்டான் என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆனால் மணிக்கணக்கில் மோதியும் ஒருவர் முதுகும் மண்ணைத் தொடவில்லை. முடிவு சமநிலை. அந்த ஒரு நாளில் காமாவின் பெயர் வடநாடு எங்கும் பரவிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். பரோடா அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கல் வைக்கப்பட்டிருக்கிறது. எடை 1200 கிலோ. 1902ஆம் ஆண்டில் காமா அதைத் தூக்கினார் என்று அங்கே குறிப்பும் இருக்கிறது. நாம் தராசு பிடிக்கும் ஜாதி. 1200 கிலோ என்றால் 50 கிலோ அரிசி மூட்டை 24! ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிப் பார்த்தவனுக்கு அதன் பாரம் தெரியும். ஒரு மனிதன் 24 மூட்டையைத் தூக்கினான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் அதை உருட்டியிருக்கலாம், அசைத்திருக்கலாம். ஒருவர் மேல் அன்பு கொண்டவர்கள் எடையைக் கூட்டிச் சொல்வது உலக இயல்பு. ஆனால் கூடுதலாகச் சொன்ன எடையைக் கழித்துவிட்டாலும் காமாவின் பக்கத்துத் தட்டு தாழ்ந்துதான் நிற்கிறது. அது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

லண்டன் பயணம்

1910ஆம் ஆண்டு. இந்தியா வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. சரத் குமார் மித்ரா என்ற வங்காளத்துச் செல்வந்தர் செலவுக்குப் பணம் கொடுக்க, காமாவும் தம்பி இமாம் பக்ஷும் இன்னும் சில பயில்வான்களும் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். உலகத்து மல்லர்கள் கூடும் போட்டி அங்கே நடக்க இருந்தது. ஆனால் காமாவின் உயரத்தைப் பார்த்துவிட்டு, போட்டியில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு தூரம் வந்து, வாசலிலேயே நிறுத்தப்பட்டால் மனிதன் என்ன செய்வான்? சிலர் சண்டை பிடிப்பார்கள். சிலர் அழுதுகொண்டு ஊர் திரும்புவார்கள். காமா ஒரு பகிரங்க அறிக்கை விட்டார். எந்த எடையில் உள்ள மல்லர்களாக இருந்தாலும் சரி, மூன்று பேரை 30 நிமிஷத்துக்குள் வீழ்த்துவதாகச் சொன்னார். முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வெறும் விளம்பரம் என்று எண்ணினார்கள். பிறகு பெஞ்சமின் ரோலர் என்ற அமெரிக்கர் முன்வந்தார். அவர் தொழிலால் வைத்தியர், மல்யுத்தத்திலும் கைதேர்ந்தவர். காமா அவரை முதல் முறை இரண்டு நிமிஷத்துக்குள்ளும், மறுமுறை பத்து நிமிஷத்துக்குள்ளும் வீழ்த்தினார். அதே பருவத்தில் தம்பி இமாம் பக்ஷும் சுவிட்சர்லாந்தின் ஜான் லெம் என்பவரை வென்றார். இனி யார் வாசலை அடைத்து வைக்க முடியும்? பெரிய போட்டிக்கு வழி திறந்தது.

1910 செப்டம்பர் 10ஆம் தேதி. லண்டன் ஒயிட் சிட்டி மைதானம். எதிரே நின்றவர் போலந்து நாட்டு ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. காமாவைக் காட்டிலும் எடை மிகுந்தவர். அக்காலத்து உலக மல்லர்களில் முன்வரிசையில் இருந்தவர். பரிசு 250 பவுன் பணமும், ஜான் புல் பெல்ட் என்னும் பட்டயக் கச்சையும். மணி அடித்த ஒரு நிமிஷத்துக்குள் காமா ஸ்பிஸ்கோவைக் கீழே தள்ளிவிட்டார். ஆனால் ஸ்பிஸ்கோ குப்புறப்படுத்துத் தரையைப் பற்றிக்கொண்டார். அதற்கு மேல் எழுந்து மோதவில்லை. காமா இழுத்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். அந்தப் பாரம் மல்லாரவில்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இப்படியே கழிந்தது. பார்க்க வந்தவர்கள் சலித்துப் போனார்கள். கடைசியில் சமநிலை என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து மீண்டும் மோத நாள் குறித்தார்கள்.

செப்டம்பர் 17ஆம் தேதி காமா குறித்த நேரத்துக்கு மைதானத்தில் வந்து நின்றார். ஸ்பிஸ்கோ வரவில்லை. காமாவே வென்றதாக அறிவித்துப் பரிசையும் கச்சையையும் அவரிடம் கொடுத்தார்கள். ருஸ்தமே ஜமான், அதாவது உலகப் பெரும் வீரர் என்று மக்கள் அவரை அழைக்கத் தொடங்கினார்கள். ஆனால் அவருக்கு இதில் திருப்தி இல்லை. எதிராளி வராமல் கிடைத்த வெற்றியைப் பயில்வான்கள் வெற்றியாகக் கொள்வதில்லை. அமெரிக்காவின் பிராங்க் காட்ச், ரஷ்ய நாட்டவராகிய ஹாக்கன்ஷ்மிட் முதலிய பெரிய பெயர்களுக்கும் அவர் சவால் விடுத்தார். ஒருவரும் மோத வரவில்லை. சரக்கோடு சந்தைக்குப் போய்க் கடை விரித்தும், விலை கேட்பார் இல்லாமல் கட்டிக்கொண்டு திரும்பிய வியாபாரியின் மனநிலைதான் அவருக்கு இருந்திருக்கும்.

பதினேழு வருஷம் காத்த பொறுமை

ஊர் திரும்பிய பிறகு அலகாபாத்தில் ரஹீம் பக்ஷைக் காமா மறுபடியும் சந்தித்தார். நெடுநேரம் நடந்த அந்தக் குஸ்தியில், விலாவில் காயமுற்ற ரஹீம் பக்ஷ் விலக நேர்ந்து, வெற்றி காமாவுக்கு வந்தது. ருஸ்தமே ஹிந்த் என்ற பட்டமும் அவருடையதாயிற்று. ஆயினும் தம்மை எதிர்த்தவர்களில் எவர் பலசாலி என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கு, அவர் சொன்ன பெயர் ரஹீம் பக்ஷ்தான். வென்றவன் தோற்றவனை உயர்த்திப் பேசுவது எல்லோராலும் ஆகாது. போட்டிக் கடைக்காரனின் சரக்கை நல்ல சரக்கு என்று வாய்விட்டுச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

பிறகு பாட்டியாலா மகாராஜா அவரை ஆதரித்தார். ஸ்பிஸ்கோவுடன் தீராமல் நின்ற கணக்கு 1928ஆம் ஆண்டில் தீர்ந்தது. அவ்வாண்டு ஜனவரி மாதம் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். லண்டன் சந்திப்புக்குப் பின் பதினேழு வருஷங்கள் கடந்திருந்தன. இருவருக்கும் வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. அன்று இரண்டரை மணி நேரத்தில் முடியாத காரியம், இன்று ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது. ஸ்பிஸ்கோவும் பெருந்தன்மையாகக் காமாவின் திறமையைப் புகழ்ந்தார். மறு வருஷம் ஜெஸ் பீட்டர்சன் என்பவரும் இரண்டு நிமிஷத்துக்குள் தோற்றார். அதன்பின் அவரோடு மோத ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. இவ்விதமாக, ஐம்பது ஆண்டு காலம் கோதாவில் இருந்தும் தோல்வி என்பதை அறியாதவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

கதவருகே நின்ற இரவு

இதுவரை சொன்னதெல்லாம் கோதாவுக்குள் நடந்தவை. என் பாட்டனாரும் அவர் தோழர்களும் காமாவை நேசித்ததற்குக் காரணம் கோதாவுக்கு வெளியே இருக்கிறது.

1947ஆம் ஆண்டில் நாடு பிரிந்தது. பஞ்சாபில் இரத்த ஆறு ஓடியது. இந்தப் பக்கத்திலிருந்து முஸ்லிம்கள் ஓடினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஹிந்துக்களும் சீக்கியர்களும் ஓடினார்கள். இரு பக்கமும் கொலை, கொள்ளை. இன்னார் செய்தார், இன்னார் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் முகமில்லை. அப்போது காமா லாகூரில் மோஹ்னி சாலை என்னும் பகுதியில் குடியிருந்தார். அங்கே ஹிந்துக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்கள் அஞ்சி நடுங்கியபோது, இந்தத் தெருவில் உங்கள் மேல் ஒருவன் கை படாது என்று காமா வாக்குக் கொடுத்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கும்பல் வந்தபோது, அவரும் அவருடைய பயில்வான்களும் தெரு முனையில் நின்றார்களாம். எழுபதை நெருங்கிய கிழவர் அவர். முன்னால் வந்தவனுக்கு ஓர் அறை விழுந்தது, கும்பல் கலைந்துவிட்டது. நிலைமை மோசமானபோது, அக்குடும்பங்களைத் தாமே எல்லை வரை கொண்டுபோய்விட்டார். வழிக்கு வேண்டிய உணவுப் பொருள்களையும் தம் செலவில் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த அறைக்கு வெள்ளிக் கோப்பை கிடையாது. மகாராஜா பார்க்கவில்லை. பத்திரிகைக்காரர் எழுதவில்லை. தம்முடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர்களே எதிரில் நின்றார்கள். ஸ்பிஸ்கோவுக்கு எதிரே நிற்பதைவிட அது கடினமான காரியம் என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1964 ஜூலை 21ஆம் தேதி, நபிகள் நாயகம் அவர்களின் பிறந்த நாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள். 454 பேர் காயமுற்றார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு மேலும் 13 உயிர்கள் போயின. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த அந்த நாள்களில், அடுத்த கடையில் தகர வேலை செய்துவந்த சீனரும், அவர் மனைவியும், மூன்று பிள்ளைகளும் எங்கள் பாட்டனாரின் கடை மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு இரவு தங்கினார்கள். பாட்டனார் கீழே கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பில் பலம் ஏது? காற்றடித்தால் விழுகிற உடம்பு. பயமாக இருக்கவில்லையா என்று என் வாப்பா பிற்காலத்தில் அவரைக் கேட்டிருக்கிறார். பயம் இருந்தது, காமாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றாராம். இதை வாப்பா சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கடைசிக் காலம்

காமாவின் இறுதிக்காலம் துயரம் நிறைந்தது. ஆண்மக்களை இளம் வயதிலேயே பறிகொடுத்தார். பிரிவினைக்குப் பின் சமஸ்தானங்கள் மறைந்தன. ஆதரித்த மகாராஜாக்களும் இல்லாமல் போயினர். நாற்பது பேரைப் புரட்டிப் போட்ட உடம்பை நோய் பிடித்தது. இருதய நோய், மூச்சிரைப்பு. வைத்தியச் செலவுக்கே சிரமம் என்ற நிலை. உலகப் பெரும் வீரர் என்று தோளில் தூக்கிக் கொண்டாடிய ஜனங்கள் எங்கே போனார்கள்? வென்ற நாளில் கூடிய கூட்டம் நோயுற்ற நாளில் கூடவில்லை.

அச்சமயத்தில் இந்தியாவிலிருந்து உதவி வந்தது. அனுப்பியவர் வணிகப் பெருமகனார் ஜி.டி. பிர்லா. கையில் 2000 ரூபாயும், மாதந்தோறும் 300 ரூபாயும் கிடைக்க அவர் ஏற்பாடு செய்தார். பாகிஸ்தான் அரசும் வைத்தியத்துக்கு உதவியது. பிர்லா ஹிந்து, காமா முஸ்லிம். இரு நாடுகளும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த காலம் அது. ஹிந்துக்களைக் காத்த கைக்கு ஒரு ஹிந்து வியாபாரியின் கை எல்லை கடந்து உதவி செய்தது! இதில் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு ஒரு பெருமையும் உண்டு, ஒரு கேள்வியும் உண்டு. நம்மிடையே இருக்கும் ஒரு நல்ல விளையாட்டு வீரனோ, ஆலிமோ, எழுத்தாளனோ வயோதிகத்தில் நோயுற்றுக் கிடந்தால், முதலில் போய்க் கதவைத் தட்டுவது நாமா, வேறு யாருமா?

1960ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி காமா லாகூரில் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பெயர் நிலைத்தது

குடும்பத்தில் குஸ்தி அதோடு முடிந்துவிடவில்லை. தம்பி இமாம் பக்ஷின் மகன் போலு பயில்வானும் அவர் சகோதரர்களும் அதைத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான அக்ரம், 1976ஆம் ஆண்டு டிசம்பரில் கராச்சியில் ஜப்பானிய வீரர் அந்தோனியோ இனோகியிடம் தோற்றார். அதே வருஷம் ஜூன் மாதத்தில் அந்த இனோகிதான் டோக்கியோவில் நம் முஹம்மது அலியோடு மோதிச் சமநிலை கண்டவர். ஆகவே, என் கடை வாசலில் அலியைப் பற்றிப் பேசும் தம்பிமார்கள் அறியாமலே காமா வீட்டு வாசல்வரை வந்துவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

சீனத் திரைப்பட வீரர் புரூஸ் லீ, காமாவின் பயிற்சிமுறைகளைப் படித்துத் தம்முடைய பயிற்சியில் சேர்த்துக்கொண்டவர். 2022ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, காமாவின் 144ஆவது பிறந்த நாளன்று, கூகுள் நிறுவனம் அவர் படத்தை வரைந்து உலகத்துக்குக் காட்டியது. நம் வாலிபர்கள் கையிலுள்ள தொலைபேசியிலும் அன்று அந்தப் படம் வந்திருக்கும். தடவித் தள்ளிவிட்டிருப்பார்கள்.

ஒரு வீரனை மக்கள் ஏன் நேசிக்கிறார்கள்? கடையில் நின்று நான் கேட்டவரையில், பலத்தைப் பேசித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் பேச்சு நீண்டால் வேறிடத்தில் வந்து முடிகிறது. அலியைப் பற்றிப் பேசுகிறவர்களும், அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதில் தொடங்கி, 1967ஆம் ஆண்டில் வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்தாரே, அதில்தான் வந்து நிற்கிறார்கள். காமாவைப் பற்றிப் பேசிய என் பாட்டனார் தலைமுறையும் பரோடாக் கல்லில் தொடங்கி மோஹ்னி சாலையில் முடித்தார்கள். பலம் எல்லா ஊரிலும் உண்டு. கிடைத்த பலத்தை யாருக்காக, எந்த நேரத்தில் எடுத்து வைத்தான் என்பதையே மக்கள் கடைசியில் நிறுத்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் பெரியவர் போன வாரம் மறுபடியும் கடைக்கு வந்தார். தம்பிமார்கள் இருந்தார்கள். நான் எழுதிக்கொண்டிருந்த இந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார். அவர்களில் ஒருவன் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி, ஆரம்பத்திலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டினான். லண்டன் வரும்வரை பெரியவர் நின்றுகொண்டே கேட்டார். லாகூர் வந்ததும், பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். படித்து முடித்த பையனிடம் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அன்று மாலை வியாபாரம் சற்றுக் குறைவுதான். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

காமா பயில்வானின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர் செய்த நன்மைகளை ஏற்றுக்கொள்வானாக. நம்முடைய கதவுகளையும் அண்டை வீட்டாருக்குத் திறந்தே வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.